கலிஃபோர்னியா மாநில செனட்டர் நமக்கு யார்? தமிழ்ப் பள்ளி வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை விட்டுவிட்டு, பெற்றோர்கள் கார் நிறுத்துமிடத்தில் ஃபிளாஸ்க் காபியோடு நிற்பார்கள். பேச்சு வீட்டு விலையில் தொடங்கி, பள்ளிக்கூடம், டிஎம்வி (டிரைவிங் லைசென்ஸ் தரும் மாநிலத் துறை) என்று சுற்றிக் கடைசியில் அரசியலுக்கு வரும். நான் ஒரு மாநில செனட்டரின் தொகுதி அலுவலகத்தில் சில மாதம் தன்னார்வலராக ஃபோன் எடுத்தவன். அது தெரிந்ததிலிருந்து ஒரே சந்தேகங்கள் வாராவாரம் என்னிடம் வருகின்றன. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதியே வைத்துவிட்டேன். எல்லாம் கலிஃபோர்னியாவைப் பற்றியது. மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு.

"செனட்டர்னா கமலா ஹாரிஸ் இருந்தாங்களே, அந்த வேலைதானே?"

இல்லை. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. கமலா ஹாரிஸ் 2017 முதல் 2021 வரை இருந்தது வாஷிங்டனில், அமெரிக்க செனட்டில். மாநிலத்துக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் கலிஃபோர்னியா முழுவதுக்குமான இருவரில் அவர் ஒருவர். அவர் மாநில சட்டமன்றத்தில் இருந்ததே இல்லை. மாநில செனட்டர் உட்காருவது மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில். அங்கே 40 பேர், ஆளுக்கு ஒரு தொகுதி.

இப்போது வாஷிங்டனில் நம் மாநிலத்தின் இரு செனட்டர்களான அலெக்ஸ் பாடியா, ஆடம் ஷிஃப் இருவருமே ஒரு காலத்தில் மாநில செனட்டர்களாக இருந்தவர்கள். அதனால் பழைய செய்தியில் "செனட்டர் ஷிஃப்" என்று படித்தால் ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். விசா, கிரீன் கார்டு, பாஸ்போர்ட் எல்லாம் வாஷிங்டன் பக்கம். டிரைவிங் லைசென்ஸ், பள்ளி நிதி, வாடகைச் சட்டம், வேலையில்லாப் படி, மெடிகால் (வருமானம் குறைந்தவர்களுக்கான மருத்துவக் காப்பீடு) எல்லாம் சாக்ரமெண்டோ பக்கம்.

"ஊர்ல எம்.எல்.ஏ. மாதிரின்னு வச்சுக்கலாமா?"

ஓரளவுக்கு. இங்கே சட்டமன்றத்துக்கு இரண்டு சபைகள். கீழவையான அசெம்பிளியில் 80 பேர், பதவிக்காலம் 2 ஆண்டு. மேலவையான செனட்டில் 40 பேர், 4 ஆண்டு. ஒருவர் இரண்டு சபையிலும் சேர்த்து மொத்தம் 12 ஆண்டுகள்தான் இருக்கலாம். 2012-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த விதி இது. எம்.எல்.ஏ.வுக்கு நெருக்கமானவர் என்றால் அசெம்பிளி உறுப்பினர்தான்.

பெரிய வித்தியாசம் தொகுதியின் அளவு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு எம்.எல்.ஏ.வுக்குச் சுமார் 3 லட்சம் பேர். 2020 கணக்கெடுப்பின்படி கலிஃபோர்னியாவில் ஒரு மாநில செனட்டருக்குச் சுமார் 9 லட்சத்து 88 ஆயிரம் பேர். வாஷிங்டனுக்குப் போகும் பிரதிநிதிகள் சபை உறுப்பினருக்கே ஏழரை லட்சத்துச் சொச்சம்தான். "அவரை நேரில் பார்க்கவே முடியவில்லை" என்று குறைப்படும்போது இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு. இங்கே கவர்னரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் அவர்தான் முதலமைச்சர், ஆனால் சட்டமன்றப் பெரும்பான்மையால் வந்தவர் இல்லை. அப்புறம், கட்சித்தாவல் தடைச் சட்டம் என்பதே கிடையாது. கட்சி ஒரு பக்கம் சொல்ல, உறுப்பினர் மறுபக்கம் வாக்களித்தாலும் பதவி போகாது. அதனால்தான் தனி உறுப்பினரிடம் போய்ப் பேசுவதற்கு இங்கே அர்த்தம் இருக்கிறது.

"ரெண்டு சபை எதுக்கு? தமிழ்நாட்டுல 1986-லயே மேலவையைக் கலைச்சிட்டாங்களே."

நியாயமான கேள்வி. நெப்ராஸ்கா மாநிலம் 1937 முதல் ஒரே சபையோடுதான் இருக்கிறது. அங்கே 49 பேர், எல்லோரையும் செனட்டர் என்றே அழைக்கிறார்கள். ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை.

கலிஃபோர்னியாவில் ஒரு காலத்தில் இரண்டு சபைக்கும் வேறு வேறு அடிப்படை இருந்தது. 1926-இல் வந்த ஏற்பாட்டின்படி செனட் இடங்களை மாவட்டக் கணக்கில் பிரித்தார்கள். எந்த மாவட்டத்துக்கும் ஒரு செனட்டருக்கு மேல் கிடையாது. 1960-களில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் 60 லட்சம் பேருக்கு ஒரு செனட்டர், மலைப்பகுதியில் ஆல்பைன், இன்யோ, மோனோ மூன்று மாவட்டமும் சேர்ந்த 14 ஆயிரம் பேருக்கும் ஒரு செனட்டர். அந்த 14 ஆயிரத்தில் ஒருவரின் ஓட்டுக்கு லாஸ் ஏஞ்சலஸ்காரர் 400 பேரின் ஓட்டு சமம். 1964-இல் 'ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ்' வழக்கில், மாநிலத்தின் இரு சபைகளுமே மக்கள்தொகை அடிப்படையில்தான் அமைய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரத்துக்கும் ஏக்கருக்கும் பிரதிநிதி கிடையாது, மனிதருக்குத்தான் என்பது தலைமை நீதிபதி ஏர்ல் வாரனின் வாதம். வேடிக்கை என்னவென்றால், அதே வாரன் கலிஃபோர்னியா கவர்னராக இருந்தபோது இந்தப் பழைய ஏற்பாட்டைத்தான் ஆதரித்துப் பேசினார்.

இப்போது இரு சபையும் மக்கள்தொகையில்தான் நிற்கின்றன. செனட் தொகுதி பெரிது, காலம் நீளம், அவ்வளவே. ஒரு சபையில் அவசரமாக ஓடிவந்த மசோதாவை இன்னொரு சபையில் நிறுத்தி வாசிக்க முடிகிறது என்பதுதான் மிச்சமிருக்கும் லாபம் என்பேன்.

"பிரபோசிஷன் 50-க்கு அப்புறம் தொகுதி எல்லாம் மாறிடுச்சாமே? என் செனட்டரும் மாறிட்டாரா?"

மாறவில்லை. 2025 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய பிரபோசிஷன் 50 வாஷிங்டன் பிரதிநிதிகள் சபைத் தொகுதிகளை மட்டும் மாற்றியது. மாநில செனட், அசெம்பிளி எல்லைகள் 2021-இல் வரைந்தபடியே இருக்கின்றன. அவற்றை வரைந்தது அரசியல்வாதிகள் இல்லை, 14 பேர் கொண்ட குடிமக்கள் ஆணையம். டெமாக்ரட் 5, ரிபப்ளிகன் 5, இரண்டிலும் சேராதவர் 4.

உங்கள் செனட்டர் யார் என்று தெரிந்துகொள்ள, சட்டமன்ற இணையதளத்தில் வீட்டு முகவரியைக் கொடுத்தால் போதும். ஊர்ப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரே ஊர் இரண்டு தொகுதியில் பிரிந்து கிடக்கும்.

"நான் எச்1பி விசால இருக்கேன். எனக்கு ஓட்டே இல்லை. அவர் எனக்கும் பிரதிநிதியா?"

ஆமாம். இதை வருகிறவர்கள் நம்பவே மாட்டேன் என்கிறார்கள். தொகுதியை வரையும்போது எண்ணுவது வாக்காளர்களை இல்லை, அங்கே வசிக்கும் எல்லோரையும். நீங்கள், உங்கள் மனைவி, மழலையர் பள்ளிப் பிள்ளை எல்லோரும் அந்த 9 லட்சத்து 88 ஆயிரத்தில் அடக்கம். வாக்காளரை மட்டும்தான் எண்ண வேண்டும் என்று டெக்சஸில் ஒரு வழக்கு போட்டார்கள். 'எவன்வெல் எதிர் அபட்' என்று பெயர். மொத்த மக்கள்தொகையை வைத்து வரையலாம் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

நான் ஃபோன் எடுத்த காலத்தில் யாரிடமும் "நீங்கள் குடிமகனா?" என்று கேட்டதில்லை. பெயரும் அஞ்சல் குறியீடும்தான் கேட்போம். தொகுதிக்குள் இருக்கிறாரா என்று பார்க்க அது போதும்.

"சரி, ஓட்டுதான் போட முடியாது. தேர்தல் நிதியாவது குடுக்கலாமா?"

கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம். எச்1பி, எஃப்1 போன்ற விசாவில் இருந்தால் ஒரு டாலர் கூடாது. மாநிலத் தேர்தலுக்கும், நகரமன்றத் தேர்தலுக்கும்கூட. கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. தோழி வீட்டில் வேட்பாளரை அழைத்து டிபன் கொடுத்து நிதி திரட்டுகிறார்கள் என்றால், போய் இட்லி சாப்பிடுங்கள், காசோலை எழுதாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. டிஎம்வியில் லைசென்ஸ் எடுக்கும்போது, குடியுரிமை பற்றிய கேள்வி வரும். அவசரத்தில் "ஆம்" என்று தட்டிவிட்டால் வாக்காளராகப் பதிவாகிவிட வாய்ப்புண்டு. பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் அது பெரிய தலைவலி.

"எதுக்கெல்லாம் அவங்க ஆபீஸைக் கூப்பிடலாம்?"

மாநிலத் துறை எதிலாவது உங்கள் விஷயம் சிக்கிக்கொண்டால். வேலையில்லாப் படி மூன்று மாதமாக வரவில்லை, டிஎம்வி லைசென்ஸில் அப்பா பெயரையும் உங்கள் பெயரையும் மாற்றிப்போட்டுவிட்டது, தொழில் உரிமம் கிடப்பில் கிடக்கிறது, இப்படி. ஒவ்வொரு துறையிலும் சட்டமன்ற அலுவலகங்களுக்கென்று தனியாகப் பதில் சொல்லும் ஆட்கள் உண்டு. நீங்கள் 2 மணி நேரம் இசை கேட்டுக்கொண்டு காத்திருக்கும் எண் அல்ல அது.

முடிவை மாற்றச் சொல்ல அவர்களால் முடியாது. கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்டு நகர்த்த முடியும். தமிழ்ப் பெயரில் முதல் பெயர், கடைசிப் பெயர் குழப்பம் வந்தால் கூப்பிடத் தயங்கவே தயங்காதீர்கள். இனிஷியலை விளக்க எனக்கு ஒருமுறை 20 நிமிடம் ஆனது, ஆனால் வேலை முடிந்தது. நீதிமன்ற வழக்கு, வாடகைத் தகராறில் உங்களுக்காக வாதாடுவது, விசா, இதெல்லாம் அங்கே நடக்காது.

"மெயில் போட்டா நிஜமாவே யாராவது படிக்கிறாங்களா?"

படிக்கிறார்கள், ஆனால் நீங்கள் நினைக்கும் விதத்தில் இல்லை. எங்கள் மேசையில் நடந்தது இதுதான். ஃபோன் வரும். மசோதா எண், ஆதரவா எதிர்ப்பா, அஞ்சல் குறியீடு, மூன்றையும் கணினியில் ஒரு படிவத்தில் பதிவோம். மாலையில் "இன்ன மசோதாவுக்கு ஆதரவு 14, எதிர்ப்பு 61" என்று ஒரு கணக்கு சாக்ரமெண்டோவுக்குப் போகும். ஒரே வாசகத்தில் வந்த 300 மின்னஞ்சல்கள் அங்கே ஒரு எண்ணாகத்தான் நிற்கும்.

கவனிக்கப்பட்டவை வேறு. ஒரு அம்மா, தன் பையனின் பேச்சுப் பயிற்சிக்கு எத்தனை மாதம் காத்திருந்தார், எத்தனை கடிதம் எழுதினார் என்று ஒரு பக்கத்தில் தேதியோடு எழுதியிருந்தார். அந்தக் கடிதம் மட்டும் அச்சாகி, மேசை மேசையாகப் போனது. மசோதா எண், உங்கள் தொகுதி, உங்களுக்கு நேர்ந்த ஒரு விஷயம், என்ன வேண்டும் என்ற ஒரு வரி. இவ்வளவு இருந்தால் போதும். வரலாற்றுப் பின்னணியோடு நான்கு பக்கம் எழுதுவது நம்மவர்களுக்குக் கைவந்த கலை. அதை விட்டுவிடுங்கள்.

"நல்ல மசோதாவெல்லாம் வழியிலேயே காணாமப் போயிடுதே, எங்கே போகுது?"

ஆண்டுக்குச் சுமார் 2,000 மசோதாக்கள் வருகின்றன. அறிமுகமானதும் பொதுவாக 30 நாள் தொடக்கூடாது, மக்கள் படிக்கட்டும் என்று. அப்புறம் துறைவாரிக் குழு, பிறகு செலவினக் குழு, பிறகு சபை. அது முடிந்ததும் இன்னொரு சபையில் அதே படிக்கட்டு மறுபடி.

பெரும்பாலும் மரணம் நிகழும் இடம் செலவினக் குழு. குறிப்பிட்ட தொகைக்கு மேல் மாநிலத்துக்குச் செலவு வைக்கும் மசோதாவை "சஸ்பென்ஸ் ஃபைல்" என்று ஒதுக்கிவைப்பார்கள். அசெம்பிளியில் ஒன்றரை லட்சம் டாலர் வரம்பு. நம் மாநில பட்ஜெட்டில் அது சில்லறை, அதனால் எக்கச்சக்கமான மசோதாக்கள் அங்கே வந்து சேரும். மே மாதமும் ஆகஸ்ட் மாதமும் ஒரு நாள் குறித்து, தலைவர் நூற்றுக்கணக்கான மசோதாக்களின் முடிவை எண், முடிவு, எண், முடிவு என்று கடகடவென்று வாசிப்பார். "நிறுத்திவைக்கப்படுகிறது" என்றால் கதை முடிந்தது. ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அங்கே வாக்கெடுப்பும் தனியாக நடக்காது. எந்தப் பிரதிநிதியும் கையைத் தூக்காமலே ஒரு மசோதாவைக் கொல்ல இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. எனக்கு இதில் மரியாதை கிடையாது.

"சாக்ரமெண்டோவுக்கே போய்ப் பேசலாமா? என்னை விடுவாங்களா?"

தாராளமாக. அடையாள அட்டையோ அழைப்போ வேண்டாம், பாதுகாப்புச் சோதனை மட்டும். பழைய சட்டமன்றக் கட்டடத்தின் பின்பகுதியை இடித்துப் புதிதாகக் கட்டுவதால் 2021 முதல் உறுப்பினர்களின் அலுவலகங்கள் ஓ தெருவில் 1021-ஆம் எண் கட்டடத்துக்கு வந்துவிட்டன. பல குழுக் கூட்டங்கள் அங்கேதான்.

ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போங்கள். பெரும்பாலான குழுக்களில் ஒரு மசோதாவுக்கு ஆதரவாக இருவர், எதிராக இருவர், ஆளுக்கு 2 நிமிடம்போல விரிவாகப் பேசலாம். மற்ற எல்லோரும் வரிசையில் வந்து பெயர், ஊர், ஆதரவு அல்லது எதிர்ப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு நகர வேண்டும். ஒரு பள்ளிக்கூட மசோதாவுக்காக நான் காலை 5 மணிக்கு எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு கிளம்பி, 3 மணி நேரம் காத்திருந்து, பேசியது 6 விநாடி. என் முன்னால் நின்ற தாத்தா ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்ல முயன்றார், தலைவர் மைக்கை அணைத்துவிட்டார். ஆனாலும் அந்த வரிசையின் நீளத்தை உறுப்பினர்கள் நிமிர்ந்து பார்த்ததை நானும் பார்த்தேன். போக முடியாதவர்கள் அதற்கான இணையப் பக்கத்தில் கடிதம் பதியலாம், கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே.

"ஜாதி மசோதா 403 ரெண்டு சபையிலும் பாஸ் ஆச்சு. ஏன் சட்டமாகலை?"

நம்மவர்களை இரண்டாகப் பிரித்த மசோதா. 2023-இல் ஹேவர்ட், ஃப்ரீமாண்ட் பகுதி செனட்டர் ஆயிஷா வஹாப் கொண்டுவந்தார். வேலை, வீடு, கல்வி போன்றவற்றில் ஜாதியின் பெயரால் பாகுபாடு காட்டக்கூடாது என்று சட்டத்தில் வெளிப்படையாக எழுதுவதே நோக்கம். ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் நூற்றுக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அதில் இரு பக்கமும் அவருடைய சொந்தத் தொகுதிக்காரர்கள் உண்டு. செனட்டில் 34-க்கு 1 என்று நிறைவேறியது. அசெம்பிளியில் வாசகம் திருத்தப்பட்டது. ஜாதி தனிப் பிரிவாக இல்லாமல் "வம்சாவளி" என்பதன் கீழ் வந்தது. அங்கே 50-க்கு 3.

அக்டோபர் 7-ஆம் தேதி கவர்னர் நியூசம் நிராகரித்தார். ஏற்கனவே உள்ள சட்டத்திலேயே இந்தப் பாகுபாட்டுக்குத் தடை இருக்கிறது, புதிதாகத் தேவையில்லை என்பது அவர் சொன்ன காரணம். அது சரியா என்ற வாதத்தை நான் இங்கே திறக்கப்போவதில்லை, காபி ஆறிவிடும்.

"80 பேர் சபையில 50-க்கு 3-ன்னா, மீதிப் பேர் எங்கே போனாங்க?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு ஆடிட்டர். கணக்கைப் பார்க்கத் தெரிந்தவர். மீதி 27 பேர் வாக்களிக்கவில்லை. உடம்பு சரியில்லாமலோ வேறு வேலையாகவோ சிலர் இல்லாதிருக்கலாம். ஆனால் அவையில் உட்கார்ந்துகொண்டே பொத்தானை அழுத்தாமல் இருப்பது இங்கே சர்வ சாதாரணம்.

காரணம் விதியில் இருக்கிறது. மசோதா நிறைவேற, வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது. மொத்த இடங்களில் பெரும்பான்மை வேண்டும். அசெம்பிளியில் 41, செனட்டில் 21. ஆக, வாக்களிக்காமல் இருப்பதும் "வேண்டாம்" என்பதும் விளைவில் ஒன்றே. எதிராக வாக்களித்தார் என்ற பதிவு மட்டும் இருக்காது. அடுத்த தேர்தலில் இரண்டு தரப்பிடமும் போய்ச் சிரிக்கலாம். உங்கள் உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்று பார்க்கும்போது, "ஆம்", "இல்லை" பட்டியலோடு நிறுத்தாமல் மூன்றாவது பட்டியலையும் பாருங்கள். நான் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

"கவர்னர் வேண்டாம்னு சொன்னா அவ்வளவுதானா? திரும்ப ஓட்டு போட்டு ஜெயிக்க முடியாதா?"

சட்டப்படி முடியும். இரு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது 27-ம் 54-ம். நடைமுறையில் 40 ஆண்டுகளுக்கு மேலாக ஒருமுறைகூட நடக்கவில்லை. அதுவும் சொந்தக் கட்சி கவர்னர் என்றால் மோத யாரும் தயாரில்லை.

"செனட்டர் தொகுதி சொல்றபடி நடக்கணுமா, இல்ல அவர் மனசுக்குப் பட்டபடியா?"

சட்டம் எதையும் சொல்லவில்லை. ஜாஷ் நியூமனின் கதையைச் சொல்கிறேன். ஆரஞ்சு மாவட்டப் பகுதியில் 2016-இல் மயிரிழையில் ஜெயித்த டெமாக்ரட். 2017-இல் சாலைகளைச் சீர்படுத்த பெட்ரோல் வரியை கேலனுக்கு 12 சென்ட் உயர்த்தும் மசோதா வந்தது. வரி என்பதால் மூன்றில் இரண்டு பங்கு, 27 வாக்கு தேவை. சரியாக 27 விழுந்தது, அதில் ஒன்று அவருடையது. எதிர்ப்பாளர்கள் கையெழுத்து திரட்டினார்கள். அந்தப் பதவிக்குக் கடைசியாக விழுந்த வாக்குகளில் 20 சதவீத அளவுக்குக் கையெழுத்து இருந்தால் திரும்ப அழைக்கும் தேர்தல் நடத்தலாம். 2018 ஜூனில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் அந்த வரியை ரத்து செய்யலாமா என்று மாநிலம் முழுவதும் கேட்டபோது, வேண்டாம், வரி இருக்கட்டும் என்றார்கள் மக்கள். 2020-இல் நியூமன், தன் இடத்துக்கு வந்தவரையே தோற்கடித்துத் திரும்பி வந்தார். 2024-இல் மறுபடி தோற்றார். தொகுதி என்ன சொல்கிறது என்பது எந்த மாதம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

"லாபியிஸ்ட் கூட்டத்துக்கு நடுவுல நம்ம பேச்சு எடுபடுமா?"

லாபியிஸ்ட் என்றால், நிறுவனங்களுக்கும் அமைப்புகளுக்கும் ஆதரவாக உறுப்பினர்களிடம் பேசுவதற்குச் சம்பளம் வாங்குபவர். அவர்கள் தினமும் அங்கேயே இருக்கிறார்கள், நாம் ஆண்டுக்கு ஒருமுறை போகிறோம். சமமில்லை. ஆனாலும் அவர்கள் பதிவு செய்தாக வேண்டும், யாரிடம் எவ்வளவு வாங்கினார்கள் என்று கணக்குக் காட்ட வேண்டும். 1974-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டம், ஒரு லாபியிஸ்ட் ஓர் உறுப்பினருக்கு மாதத்துக்கு 10 டாலருக்கு மேல் அன்பளிப்பு தரக்கூடாது என்றது. "இரண்டு ஹாம்பர்கரும் ஒரு கோக்கும்" என்று அப்போது சொன்னார்கள். சன்னிவேலில் இன்று ஒரு மசாலா தோசைக்கே பத்தாது. தேர்தல் நிதி அன்பளிப்புக் கணக்கில் வராது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

"ஒரு சட்டம் வேணும்னு நானே போய்க் கேக்கலாமா?"

கேட்கலாம். ஜோ சிமிட்டியன் என்ற பாலோ ஆல்டோக்காரர் சட்டமன்றத்தில் இருந்தபோது, "ஒரு சட்டம் இருக்க வேண்டுமே" என்ற தலைப்பில் ஆண்டுதோறும் பொதுமக்களுக்குப் போட்டியே நடத்தினார். தேர்ந்த யோசனையை மசோதாவாக்கினார். இப்போதும் சில உறுப்பினர்கள் அப்படி நடத்துகிறார்கள். இலையுதிர் காலத்தில் போய்ப் பேசுங்கள். அறிமுகப்படுத்தும் கெடு பிப்ரவரியில் முடிந்துவிடும். ஒருவர் மார்ச் மாதம் 40 ஸ்லைடோடு வந்தார். நாங்கள் அடுத்த ஆண்டுக்கு நாள் குறித்துக் கொடுத்தோம்.

"2022-ல எங்க பகுதிக்கு செனட்டரே இல்லைன்னு சொன்னாங்களே. அது எப்படி?"

கொஞ்சம் சுற்றுவழிக் கணக்கு. 40 பேருக்கும் ஒரே சமயத்தில் தேர்தல் வராது. இரட்டைப்படை எண் தொகுதிகளுக்கு 2018, 2022, 2026. ஒற்றைப்படைக்கு 2020, 2024. 2021-இல் எல்லைகளை மாற்றியபோது, சிலரது வீடு இரட்டைப்படையிலிருந்து ஒற்றைப்படைக்குப் போனது. அவர்கள் 2018-இல் தேர்ந்தெடுத்தவரின் காலம் 2022-இல் முடிந்தது, புதுத் தொகுதிக்கோ 2024-இல்தான் தேர்தல். நடுவில் 2 ஆண்டு, அவர்கள் வாக்களித்த செனட்டர் என்று யாரும் இல்லை. எதிர்ப்பக்கம் மாறியவர்களுக்கு அதே 2 ஆண்டு இருவர் இருந்தார்கள்.

அநாதையாக விடவில்லை. அந்தப் பகுதிகளுக்குப் பக்கத்து செனட்டர்களைப் பொறுப்பாகச் செனட்டின் விதிகள் குழு நியமித்தது. டிஎம்வி சிக்கலுக்கு அவரைக் கூப்பிடலாம், அவரும் செய்வார். அடுத்த கணக்கெடுப்பு 2030-இல், புது எல்லைகள் அதற்கு மறு ஆண்டு வரும். உங்கள் தொகுதி எண் ஒற்றையா இரட்டையா என்று இப்போதே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இதே கேள்வியோடு கார் நிறுத்துமிடத்துக்கு வரத்தான் போகிறீர்கள்.